ஒன்பதாவது லீவு

“டிசம்பர் முப்பத்தொண்ணு புதன். முப்பது செவ்வாய். இருபத்தொம்பது திங்கள்.” அக்கா பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருக்கிறார். இரும்பு ஸ்கேலை அடுத்த வருட நாட்காட்டியின் கடைசி வரியில் வைத்து, ஒவ்வொரு தேதியாக மேலே ஏற்றி விடுமுறைப் பட்டியலைச் சரிபார்க்கிறார். ஜனவரி ஒன்றைத் தொட இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அவரிடம் பேனா கேட்டால்கூடக் கிடைக்காது. யாராவது வாயைத் திறந்தால் ஸ்கேல் அப்படியே நிற்கும். கண்கள் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே எழும்பும். கேட்க வந்தவர் கேட்காமலே திரும்பிவிடுவார்.

நாங்கள் தண்ணீர் மீட்டர் செய்கிறவர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். சோதனை மேசையில் காலை முதல் மாலை வரை மீட்டர் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் வாரம் முழுக்கக் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். நானும் ஓடியிருக்கிறேன். நான் கொள்முதல் பிரிவு. அக்கா டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் என்று பார்க்கிற மேசை அவருடையது. எதிரெதிரே உட்கார்ந்து பதினோரு வருடமாயிற்று.

ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த வருட விடுமுறைப் பட்டியலைத் தயாரித்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, வாசல் பக்கத்துக் கண்ணாடிப் பலகைக்குள் வைத்துப் பூட்டுவது அக்காவின் வேலை. அன்றைக்கு அந்தப் பலகைக்கு முன்னால் ரேஷன் கடைக் கூட்டம் தோற்றுப்போகும். அதனால்தான் அவருக்கு ‘லீவக்கா’ என்று பெயர். ஏதோ அவர் பார்த்துக் கொடுக்கிற லீவு மாதிரி, “என்னக்கா, இந்த வருஷம் ரெண்டு லீவு ஞாயித்துக்கிழமையில கொண்டு போய்ப் போட்டுட்டீங்களே” என்று அவரிடமே சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. “நான் என்னப்பா பண்றது? சூரியன்கிட்ட போய்க் கேளு” என்பார்.

ஐம்பத்தாறு வயது. குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. பழைய வருகைப் பதிவேடுகள் இரண்டை அடுக்கி அவற்றின் மேல் பாதத்தை வைத்திருப்பார். இடது மணிக்கட்டில் வளையலுக்குக் கீழே நாலைந்து ரப்பர் பேண்டுகள். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும், போன வருடப் பட்டியலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுகிற சோலியே அவரிடம் கிடையாது. வெறும் பக்கத்தைத் திறந்து முதல் எழுத்திலிருந்து அடிப்பார். நான் ஒருமுறை கிண்டல் செய்தேன். “வெட்டி ஒட்டறதெல்லாம் என்கிட்ட ஆகாது தம்பி. பின்னாடி எது ஒட்டிக்கிட்டு வரும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

இன்னொரு விசித்திரம். டிசம்பர் இருபத்தைந்தைப் பற்றி அவரிடம் தெரியாத்தனமாக யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் டீ ஆறிப்போகும்.

“கிறிஸ்துமஸ்னா உலகம் பூரா லீவு, ஆதி காலத்துலேர்ந்து லீவுன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க இல்ல? அதான் இல்ல. முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கும், இங்கிலாந்துல பார்லிமெண்டே அந்த நாள் கூடாதுன்னு தடை போட்டுச்சு. கடைய மூடாதேன்னான். ஜனங்க விடுவாங்களா? சண்டை, கலாட்டா. கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனவங்க அதுக்கும் மேல. பாஸ்டன் பக்கம், அன்னிக்கு வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்து கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம்! வீட்டுல இருந்ததுக்கு அபராதம் தம்பி, என்ன அநியாயம் பாரு!”

அந்த அநியாயத்துக்கு நான்தான் பொறுப்பு என்பது போல என்னை முறைப்பார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்வார். “அதே அமெரிக்காவுல ஆயிரத்தி எண்ணூத்தி எழுபதுல சட்டம் போட்டு லீவு விட்டான். அதுவும் எல்லாருக்கும்னா நெனக்கிற? தலைநகர்ல இருக்கற சர்க்கார் ஆளுங்களுக்கு மட்டும். ஸ்காட்லாந்துல ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அம்பத்தெட்டு வரைக்கும் அன்னிக்கு ஜனங்க வேலைக்குப் போயிருக்காங்க. எங்க அண்ணன் பொறந்ததுக்கு அப்புறம்! பண்டிகை வேற, லீவு வேற. லீவு தானா வராது. எவனாவது ஒருத்தன் பேப்பர்ல எழுதணும்.”

இத்தனைக்கும் அந்தப் பண்டிகை அவர் வீட்டில் கிடையாது. இதையெல்லாம் ஊர் நூலகத்தில் தடித்தடிப் புத்தகங்களாக எடுத்துப் படித்து, ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், “சும்மாதான், தெரிஞ்சுக்கலாமேன்னு” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழிற்சாலை மூடிக் கிடக்கிற ஒவ்வொரு இருபத்தைந்தாம் தேதியும் அக்கா மட்டும் வேலைக்கு வருகிறாராம். எட்டு மணிக்கு வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போவார். மேசையைத் துடைப்பார், பழைய தாள்களை வரிசைப்படுத்துவார், ஐந்து மணிக்குத்தான் வெளியே வருவார். “நானும் கேட்டுப் பாத்துட்டேன். பூட்டின இடத்துல பூனை பூந்துடும், பாத்துக்கறேன்னு சொல்லுது. நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன், பூனைக்குத் தாலாட்டு பாடவா?” என்று அண்ணனுக்குக் கோபம்.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். மேடத்துக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மாதிரி. முகம் கொடுத்துப் பேசுவார். ஆனால் காகிதம் இல்லாமல் காற்றைக்கூட நம்பமாட்டார். இந்த டிசம்பர் முதல் வாரம், விடுமுறைப் பட்டியலுக்குப் புதுப் படிவம் ஒன்றைத் தந்தார். வரிசை எண், தேதி, கிழமை, காரணம் எல்லாம் பழையபடிதான். ஐந்தாவதாக ஒரு கட்டம்: ஆதாரம். எந்த உத்தரவின்படி அந்த நாள் விடுமுறை என்று அதில் எழுத வேண்டும்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் அன்று அரசு அலுவலகத்துக்கும் வங்கிக்கும்தான் விடுமுறை. தனியார் தொழிற்சாலைகள் தங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். எங்கள் பட்டியலில் ஒன்பது நாட்கள். முதல் எட்டுக்கு உத்தரவு எண் இருந்தது; அக்கா மளமளவென்று அடித்தார். ஒன்பதாவது கட்டம் காலியாகவே நின்றது. மேடம் தாளைப் பார்த்துவிட்டு, “தலைமை ஆபீஸ்ல பெரிய ஆர்டர் எடுத்திருக்காங்க. எட்டு நாள்தானே, ஒன்பது எப்படின்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் கொண்டாங்க. இல்லேன்னா இந்த இருபத்தஞ்சே வேலை நாள்தான், வேற வழியில்ல” என்றார்.

செய்தி சோதனை மேசைத் தண்ணீரைவிட வேகமாக ஓடியது. மீட்டருக்குக் கண்ணாடி பொருத்தும் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி மதியமே அக்காவிடம் வந்தாள். அவளுக்கு அது பண்டிகை. “எங்கப்பாவும் இங்கதான் வேலை பாத்தாரு. அப்பல்லாம் சம்பளத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் அன்னிக்கு விடுவாங்க. பாதி வருஷம் அன்னிக்கும் வேலைக்குப் போயிடுவாரு. வீட்டுல நாங்க மட்டும் உக்காந்திருப்போம். மறுபடி அப்படி ஆக்கிடாதீங்கக்கா” என்றாள். அக்கா பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாட்கள் அலமாரி அலமாரியாகத் துழாவினார். நானும் கூடமாட உதவி செய்தேன். புதன்கிழமை டீ இடைவேளையில் பதிவேட்டு அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, “இருக்கும்க்கா, எங்கேயாவது இருக்கும்” என்றேன். அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

“இருக்காது தம்பி. தெரிஞ்சேதான் தேடிக்கிட்டிருக்கேன். அப்படி ஒரு உத்தரவே கிடையாது. அந்த லீவு என் தப்பு.”

எனக்குப் புரியவில்லை. அவர் அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பர். ஏழு மாதக் கர்ப்பம். டைப்ரைட்டரில் பட்டியல் அடிக்கச் சொன்னார்கள். முந்தைய வருடத் தாள் ஒரு ஆணியில் தொங்கியது. அதே ஆணியில் வங்கியின் விடுமுறைப் பட்டியலும் தொங்கியிருக்கிறது. அது இரண்டு பக்கம். முதல் பக்கம் எப்போதோ கிழிந்து விழுந்துவிட்டது. இரண்டாம் பக்கம் மட்டும் எங்கள் தாளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதில் ஒரே ஒரு வரி: டிசம்பர் இருபத்தைந்து, கிறிஸ்துமஸ். அக்கா எட்டையும் அடித்து முடித்து, தாளைத் திருப்பி, மிச்சம் போலிருக்கிறது என்று ஒன்பதாவதாக அதையும் அடித்துவிட்டார். அப்போதைய மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

“குழந்தை பெத்து, லீவு முடிஞ்சு ஜூன் மாசம் வந்து பலகைய பாக்கறேன், ஒம்பது! பழைய தாளை எடுத்துப் பாத்தா எட்டுதான். சொல்லிடலாம்னு மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். அதுக்குள்ள ஆளாளுக்கு அந்த நாளை நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. கடைசல் பிரிவுல இருந்த ஒருத்தர் தங்கச்சி கல்யாணத்தையே அன்னிக்கு வெச்சிருந்தாரு. நாக்கு எழும்பல. முதல் தடவ தெரியாம அடிச்சேன் தம்பி. அப்புறம் வருஷா வருஷம் தெரிஞ்சே அடிச்சேன். எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்களே.”

பட்டியலைக் கீழிருந்து சரிபார்ப்பது, வெட்டி ஒட்டாதது, நூலகம், டைரி, பூட்டிய தொழிற்சாலையில் தனியாக வந்து உட்கார்வது எல்லாம் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. திருடிய நாளை இந்த மனுஷி தன்னளவில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மனசு கனத்துப்போனது. கூடவே சிரிப்பும் வந்தது, வெளியே காட்டவில்லை.

“ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. பொய்யா லீவு போட்டவள்னு பேர் வாங்கிட்டுப் போகணுமா? அது கூடப் போகட்டும். இருநூத்திப் பன்னெண்டு பேர் லீவும் என்னால போகுதே” என்று மூக்கை உறிஞ்சினார். இரண்டு நாளாக அவர் கண் மூடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பேசாமல் இருங்கள், எலி தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றேன். “இன்னொரு பொய்யா? போடா” என்றார். பதினோரு வருடத்தில் என்னை அவர் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேடம் கூப்பிட்டனுப்பினார். “நீயும் வா தம்பி. நான் விழுந்தா பிடிக்க ஆள் வேணும்” என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேடத்தின் மேசை மேல் வாசல் பதிவேடுகள் அடுக்கியிருந்தன. “அந்த நாள்ல உண்மையிலேயே மூடியிருந்தோமான்னு பாக்க எடுத்தேன். மூடித்தான் இருந்திருக்கோம். ஆனா ஒவ்வொரு வருஷமும் இருபத்தஞ்சாம் தேதி ஒரே ஒரு கையெழுத்து இருக்கு. உங்களோடது. ஏம்மா?”

அக்கா ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு நின்ற நின்றபடி சொல்ல ஆரம்பித்தார். ஆணியில் தொடங்கி ஜூன் மாதப் பலகை வரை ஒன்றையும் விடவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. “என்னை என்ன வேணா பண்ணுங்க மேடம். அவங்க லீவ மட்டும் எடுத்துடாதீங்க” என்று முடித்தார்.  மேடம் போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேசை நடுவில் வைத்தார்.

“சார், நேத்து சாயந்தரம் பேசினோமே, அந்த விஷயம். அவங்க எதிர்ல நிக்கறாங்க. என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க.”

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. வயதான குரல். அந்தக் காலத்து மேனேஜர்.

“ஏம்மா, எட்டுக்கும் ஒம்பதுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருபது வருஷம் அந்த நாற்காலியில குப்பை கொட்டினேன்?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

“கையெழுத்துப் போடும்போதே பாத்தேன். இதென்ன புதுசா ஒரு நாள்னு நிமிந்தேன். நீ அஞ்சு கார்பன் வெச்சு அடிச்சுட்டு, ஏழு மாச வயித்தோட இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தே. கிழிச்சுப் போட்டு மறுபடி அடின்னு சொல்ல வாய் வரல. சரி, ஒரு நாள்தானே, அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்னு போட்டுட்டேன்.”

“அப்புறம் ஏன் சார் எடுக்கல?” அக்காவின் குரல் கீச்சென்று வந்தது.

“எங்க எடுக்கறது? அந்த இருபத்தஞ்சாம் தேதி வீட்டுல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். வேலை நாள்ல எங்க வீட்டுல அப்படி நடந்ததே கிடையாது. இந்த லீவுல கைய வெச்சீங்க, நடக்கறதே வேறன்னு என் வீட்டுக்காரம்மா சொல்லிட்டா. நானும் தலைமை ஆபீஸுக்கு ரெண்டு வரி எழுதிப் போட்டேன். ஒரு நாள் கூட்டியிருக்கேன், உற்பத்தி ஒண்ணும் குறையலன்னு. ஆட்சேபணை இல்லன்னு பதிலும் வந்துச்சு.”

மேடம் ஒரு தாளை எங்கள் பக்கம் நகர்த்தினார். தலைமை ஆபீஸிலிருந்து அன்று காலைதான் நகல் வந்ததாம். பழுத்த தாள், மங்கிய முத்திரை, உத்தரவு எண், தேதி, எல்லாம் கச்சிதமாக இருந்தன. “இதுதான் ஆதாரம். லீவு எங்கேயும் போகல. இனிமே யாரும் எடுக்கவும் முடியாது” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. மேடத்தின் காலில் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்காவோ தாளைப் பார்க்கவேயில்லை. இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு போனை நோக்கிக் குனிந்தார்.

“பாவி மனுஷா! இருபத்தாறு வருஷம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அந்தப் பக்கம் மறுபடி இருமல். பிறகு பெரியவர் சொன்னார்: “நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

மேடம் முதலில் சிரித்தார். அப்புறம் போனில் இருமலும் சிரிப்பும் கலந்து வந்தது. அக்கா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். எது எப்போது என்று பக்கத்தில் நின்ற எனக்கே கணக்குத் தெரியவில்லை. அந்த ஏழு மாத வயிற்றுக்குள் இருந்த பெண்ணுக்கு இப்போது இருபத்தாறு வயது என்று பெரியவரிடம் சொன்னார். “கல்யாணத்துக்குச் சொல்லு, வரேன்” என்று அவர் போனை வைத்தார்.

நாங்கள் வெளியே வந்தபோது மணி பதினொன்று. சோதனை மேசையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி பொருத்தும் பெண் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றாள். அக்கா அவளைப் பார்த்து, “இருக்குடி, லீவு இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். கம்ப்யூட்டரில் பட்டியல் திறந்தபடி இருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் உத்தரவு எண்ணை அடித்தார். மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை பார்த்தார். அச்செடுத்து வந்து மேசையில் வைத்தார்.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டார். புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டார். இரண்டு கையையும் மடக்கி அவற்றின் மேல் தலையைச் சாய்த்தார். “என்னக்கா, தலை வலிக்குதா?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. கையெழுத்துப் போட வந்த மேடம் பட்டியலை ஓசைப்படாமல் உருவிக்கொண்டு நுனிக்காலில் திரும்பிப் போனார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வேலை செய்துகொண்டிருந்த அந்தப் பட்டப்பகலில், அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.